கால் மைல் கார்களின் மூலப்பத்திரம்

2008ஆம் ஆண்டின் கடைசியில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலிருந்து ஒரு பழைய கார் ஈபே ஏலத்துக்கு வந்தது. 1963ஆம் ஆண்டு பான்டியாக் டெம்பெஸ்ட். நெடுங்காலம் ஓடாமல் கிடந்த வண்டி. அசல் எஞ்சின்கூட அதில் இல்லை. ஏலம் சில நூறு டாலரில்தான் தொடங்கியது. படங்களைப் பார்த்த பான்டியாக் பிரியர்கள் சிலர் அது என்ன வண்டி என்று புரிந்துகொண்டார்கள். போட்டி சூடுபிடித்தது. ஏலம் முடிந்தபோது விலை 2,26,000 டாலரைத் தாண்டியிருந்தது.

அறுபதுகளில் ‘ரன்னிங் பேர்’ என்ற பெயரில் பந்தயத்தில் ஓடிய கார் அது. சிறிய டெம்பெஸ்ட் உடலுக்குள் 421 கன அங்குல ‘சூப்பர் டூட்டி’ எஞ்சினைப் பொருத்தி, பந்தயத்துக்கென்றே பான்டியாக் தயாரித்தவை ஏறத்தாழ ஒரு டஜன் வண்டிகள்தான். 1963 ஜனவரியில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ், தன் பிரிவுகள் எதுவும் பந்தயத்தில் இறங்கக் கூடாது என்று தடை போட்டது. அந்த வரிசை அதோடு முடிந்தது. எங்கே போயிற்று என்றே தெரியாமலிருந்த ஒன்று, நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வெளியே வந்திருந்தது.

எஞ்சின் இல்லாத காருக்கு ஒருவர் இவ்வளவு கொடுக்கிறார் என்றால், அது அதே கார்தான் என்று நிரூபிக்க முடியும் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்திருக்க வேண்டும். எண்ணை வைத்து, காகிதத்தை வைத்து, உலோகத்தில் பதிந்த தழும்பை வைத்து ஒரு பந்தயக் காரின் பிறப்பையும் வாழ்க்கையையும் மீட்டெடுக்கும் வேலை அது. அந்தத் துறையில் இருப்பவர்களுக்கு வண்டி அறிவு மட்டும் போதாது, ஆவணக் காப்பாளரின் பொறுமையும் வேண்டும்.

தொழிற்சாலையே செய்த பந்தயக் கார்கள்

டிராக் ரேஸ் என்பது வளைவே இல்லாத பந்தயம். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். விளக்கு எரிந்ததும் நேர்கோட்டில் கால் மைல், அதாவது 402 மீட்டர் தூரம் சீறிப் பாயும். முதலில் கோட்டைத் தொடுவதற்கே வெற்றி. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சும்மா கிடந்த விமான ஓடுதளங்களில்தான் இந்த விளையாட்டு வளர்ந்தது. சென்னைக்கு அருகே சோழவரத்தில் கார் பந்தயம் வேரூன்றியதும் அப்படியொரு போர்க்கால ஓடுதளத்தில்தான். அமெரிக்காவில் 1951இல் வாலி பார்க்ஸ் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்பு இதற்கு விதிகளை வகுத்தது. 1955இல் கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தது.

அறுபதுகளில் பெரிய நிறுவனங்கள் களத்தில் இறங்கின. தொழிற்சாலை கார்களுக்கான பிரிவுகளில் ஓட வேண்டுமென்றால், அந்த மாடலில் குறைந்தபட்சம் இத்தனை வண்டிகள் தயாராகியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே நிறுவனங்கள் விதிக்குத் தேவையான அளவில் மட்டும் ஐம்பதோ நூறோ செய்து, டீலர்கள் மூலம் பந்தயக்காரர்களிடம் சேர்த்தன. 1963 செவர்லே இம்பாலா இசட்-11 மொத்தம் 57. 1964 ஃபோர்டு தண்டர்போல்ட் 100. 1968 டாட்ஜ் ஹெமி டார்ட் சுமார் 80, அதன் உடன்பிறப்பான பிளிமத் ஹெமி பாரகூடா சுமார் 70. 1969 செவர்லே கமாரோ இசட்.எல்.-1 வெறும் 69.

வெளித்தோற்றத்தில் இவை சாதாரணக் குடும்பக் காரின் சாயலில்தான் இருந்தன. அதுதான் இன்றைய சிக்கலின் ஆணிவேர். 1964இல் ஃபேர்லேன் கார்கள் லட்சக்கணக்கில் விற்றன, தண்டர்போல்ட் நூறுதான். ஆனால் ஒரு சாதாரண ஃபேர்லேனை வாங்கி, ஃபைபர் பானெட்டும் மட்கார்டும் மாட்டி, 427 எஞ்சினை இறக்கி, வெள்ளை அடித்துவிட்டால் பார்ப்பவர் கண்ணுக்கு அது தண்டர்போல்ட்தான்.

அசல் என்பதற்கு எது அளவுகோல்?

பழைய கார் உலகில் ‘எண்கள் பொருந்த வேண்டும்’ என்று ஒரு பேச்சு உண்டு. தொழிற்சாலையில் காருடன் பிறந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் பின் அச்சும் இன்றும் அதே காரில் இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். மாலை நேரத்தில் குடும்பத்தோடு வலம்வந்த காருக்கு இந்த அளவுகோல் பொருந்தும். டிராக் காருக்கு இதை அப்படியே வைக்க முடியாது.

டிராக் காரின் எஞ்சின் ஒரு பருவம் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம். பிளாக் வெடித்தது, மாற்றினார்கள். விதி மாறியது, முன்பகுதியை வெட்டினார்கள். பெரிய டயர் வந்தது, பின் சக்கர வளைவை அகலப்படுத்தினார்கள். பணம் முடைப்பட்டால் எஞ்சினைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் விற்றார்கள். இரண்டாம் சொந்தக்காரர் வேறு நிறம் அடித்து வேறு பெயர் எழுதினார். மூன்றாமவர் தெருவில் ஓட்ட நினைத்து, பாதுகாப்புக் கூண்டை அறுத்தெடுத்தார். அந்தக் கார்களின் இயல்பான வாழ்க்கையே அப்படித்தான் இருந்தது. மாற்றம் எதுவும் இல்லாத டிராக் கார் என்று ஒன்று வந்தால், அது உண்மையில் ஓடியதா என்றுதான் முதலில் கேட்க வேண்டியிருக்கும்.

ஆகவே இங்கே தேட வேண்டியது தொடர்ச்சியை. நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரத்தில் தொடங்கி கைமாறிய ஒவ்வொரு பத்திரத்தையும் வரிசையாகப் பார்த்து, இடையில் கண்ணி அறுந்திருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்ப்பதைப் போன்றதே இந்த வேலையும். இந்த உடல் எந்த ஆலையில் பிறந்தது, எந்த டீலருக்குப் போனது, முதலில் ஓட்டியவர் யார், எந்த ஆண்டில் எது மாறியது, இன்று நிற்பது அதே உலோகம்தானா என்று கண்ணி கண்ணியாகச் சேர்க்க வேண்டும்.

சொல்லும் எண்ணும் சொல்லாத எண்ணும்

முதல் சான்று சேஸிஸ் நம்பர். 1981இல் வந்த 17 இலக்க முறைக்கு முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு முறை வைத்திருந்தது. அந்த முறையைப் பொறுத்தே இன்றைய வேலை சுலபமாகவோ கடினமாகவோ ஆகிறது. இரண்டு கார்களை அருகருகே வைத்தால் இது விளங்கும்.

ஹெமி டார்ட்டின் எண் ‘எல்-ஓ-23-எம்-8-பி’ என்று தொடங்கும். ‘எல்’ என்றால் டார்ட். ‘ஓ’ என்றால் சூப்பர் ஸ்டாக் பந்தய வகை. 23 என்பது இரண்டு கதவு ஹார்டுடாப். ‘எம்’ என்பது தனி ஆர்டரில் பொருத்தப்பட்ட எஞ்சின். 8 என்றால் 1968. ‘பி’ என்றால் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராம்க் ஆலை. பாரகூடாவுக்கு இதே முறையில் ‘பி-ஓ-29-எம்-8-பி’. அந்த ஒற்றை ‘ஓ’ எழுத்திலேயே காரின் குலம் கோத்திரம் தெரிந்துவிடும். சாதாரண டார்ட் எதற்கும் அந்த எழுத்து கிடையாது.

கமாரோ இசட்.எல்.-1 வேறு மாதிரி. அது வந்த வழியே தனி. இல்லினாய் மாநிலத்தின் லா ஹார்ப் என்ற சிற்றூரில் டீலராக இருந்த ஃபிரெட் கிப், முழுக்க அலுமினியத்தாலான 427 எஞ்சினைக் கமாரோவில் பொருத்தித் தரும்படி செவர்லேயிடம் கேட்டார். என்.எச்.ஆர்.ஏ. விதிக்கு 50 கார்கள் வேண்டும் என்பதால் ஐம்பதையும் தானே ஆர்டர் செய்தார். மத்திய அலுவலகம் வழியாகப் போகும் ‘கோப்போ’ என்ற தனி ஆர்டர் முறையில், 9560 என்ற எண்ணில் அவை தயாராயின. எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் சேர்ந்ததால் காரின் விலை 7,000 டாலரைத் தாண்டியது. அன்றைக்கு அது இரண்டு நல்ல கார்களின் விலை. கிப்பால் எல்லாவற்றையும் விற்க முடியவில்லை. பல வண்டிகளை நிறுவனம் திரும்ப எடுத்து வேறு டீலர்களுக்குப் பிரித்து அனுப்பியது.

இவ்வளவு அரிய காரின் சேஸிஸ் நம்பர் என்ன சொல்கிறது? ‘124379என்’ என்றுதான் தொடங்குகிறது. செவர்லே, எட்டு சிலிண்டர் கமாரோ, கூபே உடல், 1969, நார்வுட் ஆலை. அதே ஆலையில் அந்த ஆண்டு வெளிவந்த எண்ணற்ற எட்டு சிலிண்டர் கமாரோ கூபேக்களுக்கும் இதே தொடக்கம்தான். உள்ளே அலுமினிய எஞ்சின் பிறந்ததா என்பதற்கு அந்த எண்ணில் துப்பே கிடையாது. அதனால் மற்ற சான்றுகளின் மேல்தான் முழுப் பாரமும் விழுகிறது.

காகிதங்கள்

சில நிறுவனங்களின் ஆவணங்கள் பிழைத்தன, சில அழிந்தன. பான்டியாக் வைத்திருப்பவர் அதிர்ஷ்டக்காரர். 1961 முதலான ஆலைப் பட்டியல்களின் பிரதிகள் பி.எச்.எஸ். என்ற நிறுவனத்திடம் இருக்கின்றன. சேஸிஸ் நம்பரைக் கொடுத்தால் கார் என்னென்ன உறுப்புகளோடு ஆலையை விட்டுக் கிளம்பியது என்ற விவரம் கிடைக்கும். ஃபோர்டில் 1967ஆம் ஆண்டு முதலான தயாரிப்புத் தரவுகளை உரிமம் பெற்று வைத்திருக்கும் கெவின் மார்ட்டியின் நிறுவனம் ‘மார்ட்டி ரிப்போர்ட்’ தருகிறது. 1968இல் கோப்ரா ஜெட் மஸ்டாங் வாங்கியவரின் வண்டிக்கு இது கைகொடுக்கும். 1964 தண்டர்போல்ட்டுக்கு அந்த வசதி இல்லை. அமெரிக்க செவர்லேயிலோ அறுபதுகளின் தனித்தனிக் கார் விவரங்கள் பெரும்பாலும் காக்கப்படவில்லை.

ஆவணம் எதிர்பாராத இடங்களிலும் ஒளிந்திருக்கும். அசெம்பிளி வரிசையில் தொழிலாளிகள் பார்த்து வேலை செய்வதற்காக ஒவ்வொரு காருக்கும் ஒரு தாள் அச்சிடப்படும். வேலை முடிந்ததும் அதை இருக்கை ஸ்பிரிங்குக்குள்ளோ, பெட்ரோல் டேங்கின் மேலோ, தரைவிரிப்பின் அடியிலோ செருகிவிடுவார்கள். எலி கடிக்காமல் தப்பிய அந்தத் தாள், பழுப்பேறிய நிலையில் கிடைத்தால் அதைவிட வலுவான சான்று குறைவு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களோடு வாரண்டி புத்தகத்தில் ஒட்டி வந்த சின்ன உலோகத் தகடும் அப்படித்தான். எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் குறியீடுகள் அதில் புடைப்பாக இருக்கும்.

ஆனால் இந்தத் தகடுகளை இன்று புதிதாகவே அடித்துத் தருகிறார்கள். தாளைப் பழையதுபோல் அச்சிடவும் முடிகிறது. அதனால் ஒற்றை ஆவணத்தைப் பார்த்து முடிவு கட்டும் நிபுணர் யாரும் இல்லை. ஒன்றை இன்னொன்று தாங்குகிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

உலோகத்தைப் படிப்பது

எஞ்சின் பிளாக்கில் வார்ப்புத் தேதி இருக்கும். செவர்லேயில் ‘ஏ’ என்றால் ஜனவரி, ‘பி’ என்றால் பிப்ரவரி என்று மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், பிறகு ஆண்டின் கடைசி இலக்கம். வார்த்த தேதிக்குப் பிறகுதான் எஞ்சின் கூட்டப்பட்ட தேதி வர முடியும். அதற்கும் பிறகுதான் கார் கூட்டப்பட்ட தேதி. கண்ணாடியில், உடல் தகட்டில், பின் அச்சில் இருக்கும் தேதிகளும் இந்த வரிசையில் அமைய வேண்டும். கார் ஜனவரியில் பிறந்தது, எஞ்சின் மார்ச்சில் வார்க்கப்பட்டது என்றால் எங்கோ மாற்று நடந்திருக்கிறது.

எண்ணை அழித்து வேறு எண் அடிக்கிறவர்கள் இதையும் அறிவார்கள். அவர்களைக் காட்டிக்கொடுப்பது எண்ணுக்குக் கீழே இருக்கும் பரப்பு. ஆலையில் பிளாக்கின் மேல்தளத்தைச் சீவும் இயந்திரம் நேரான, மெல்லிய கோடுகளை விட்டுச் செல்லும். எண் அடிக்கும் திண்டிலும் அந்தக் கோடுகள் ஓடும். பழைய எண்ணைத் தேய்த்து அழித்தால் கோடுகளும் போய்விடும். வேறு வகையில் கோடு போட்டாலும் அதன் இடைவெளியும் திசையும் ஆலைக் கோட்டோடு ஒத்துப்போவது அரிது. பூதக்கண்ணாடியும் பக்கவாட்டு வெளிச்சமும் வைத்துப் பார்க்கும்போது நிபுணரின் கண் முதலில் போவது அங்கேதான்.

உடலிலும் ஒளிந்த எண்கள் உண்டு. 1968, 1969 கமாரோக்களில் சேஸிஸ் நம்பரின் ஒரு பகுதி, முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் மூடிய தகட்டுக்கு அடியிலும் ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் அடிக்கப்பட்டிருக்கும். டேஷ்போர்டு தகட்டை மட்டும் பிடுங்கி வேறு உடலில் ஒட்டியவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

எண்ணைத் தாண்டி, செய்த விதமே சான்றாக நிற்கும். தண்டர்போல்ட்டில் அந்தப் பெரிய எஞ்சின் உட்காருவதற்காக முன்பக்க சஸ்பென்ஷன் கோபுரங்களை டியர்பார்ன் ஸ்டீல் டியூபிங் என்ற பட்டறையில் மாற்றினார்கள். நான்கு முகப்பு விளக்குகளில் உள்பக்கத்து இரண்டையும் எடுத்துவிட்டு அங்கிருந்து காற்றுக் குழாய் இழுத்தார்கள். பாட்டரி டிக்கிக்குப் போனது. எடை குறைப்பதற்காகச் செய்த வண்டி என்பதால் உடல் பொருத்தத்தில் வழக்கமான தரம் இருக்காது என்ற அறிவிப்பையும் உள்ளே ஒட்டினார்கள். ஹெமி டார்ட்டில் கதவுத் தகட்டை அமிலத்தில் முக்கி மெலியச் செய்தார்கள். சன்னல் கண்ணாடியை ஏற்றி இறக்க கைப்பிடிக்குப் பதில் ஒரு பட்டை. பின் இருக்கை, ஹீட்டர், ரேடியோ எதுவும் கிடையாது. பழைய பட்டியைச் சுரண்டிவிட்டு, அல்ட்ராசோனிக் கருவியால் கதவின் தகட்டுக் கனத்தை அளந்தால், அமிலத்தில் மூழ்கி எழுந்த கதவா, சாதாரண டார்ட்டிலிருந்து கழற்றிய கதவா என்று சொல்லிவிடலாம்.

பெயிண்ட் இன்னொரு பெட்டகம். மேல்பூச்சைத் தண்ணீர்த் தாளால் மெல்ல மெல்லத் தேய்க்கும்போது, அடியிலிருந்து பழைய எழுத்துகள் எழுந்து வரும். ஓட்டுநர் பெயர், டீலர் பெயர், பந்தயப் பிரிவைக் குறிக்கும் எழுத்துகள். அதை அக்காலப் புகைப்படத்தோடு வைத்துப் பார்ப்பார்கள். எழுத்தின் வளைவு, ரிவெட் விழுந்த இடம், வெல்டு ஓடிய விதம், பானெட்டில் காற்றுத் துவாரம் வெட்டிய கோணம் எல்லாம் ஒத்துப்போனால் அங்கே ஒரு கண்ணி இறுகுகிறது. ‘ஹாட் ராட்’ இதழும், என்.எச்.ஆர்.ஏ.வின் ‘நேஷனல் டிராக்ஸ்டர்’ இதழும், ரசிகர்கள் எடுத்த வண்ணப்படங்களும் இந்த வேலைக்குப் பொக்கிஷம்.

ஆலை செய்ததா, ஆசையில் செய்ததா?

1965இல் டாட்ஜும் பிளிமத்தும் சில கார்களின் சக்கரங்களையே இடம்மாற்றின. புறப்படும்போது பின் டயர்களின் மேல் எடை விழ வேண்டும் என்பதற்காக முன் அச்சை 10 அங்குலமும் பின் அச்சை 15 அங்குலமும் முன்னே தள்ளினார்கள். பார்ப்பதற்கு விநோதமாக இருந்ததால் ‘ஃபன்னி கார்’ என்ற பெயர் பிறந்தது இவற்றை ஒட்டித்தான். ஆலை ஏற்பாட்டில் அப்படி ஆனவை ஒரு டஜன் அளவுதான். அவை ஜெயிப்பதைப் பார்த்த உள்ளூர்ப் பந்தயக்காரர்கள், அதே ஆண்டில் தங்கள் கார்களையும் தங்கள் பட்டறையிலேயே வெட்டி ஒட்டிக்கொண்டார்கள்.

இன்று அப்படியொரு கார் கிடைத்தால் மூன்று விடைகள் சாத்தியம். ஆலை ஏற்பாட்டில் வந்தது. 1965இலேயே ஒரு பந்தயக்காரர் மாற்றியது. அண்மையில் ஒருவர் அதே வடிவில் புதிதாகச் செய்தது. இரண்டாம் வகை பொய் அல்ல. அந்த உள்ளூர் ஓட்டுநரும் வரலாற்றின் பங்காளிதான். அவருடைய காரை அவருடைய காராகவே அடையாளம் காட்டுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை. அதை ஆலைக் கார் என்று விற்கும்போது, ஆலைக் காரை ஓட்டியவருக்கும் அநியாயம், தன் கையால் வெட்டியவருக்கும் அநியாயம்.

இன்னொரு முடிச்சும் உண்டு. அக்காலத்தில் பந்தயக் குழுக்களுக்கு எண் அடிக்காத வெற்று உடல்களை நிறுவனங்களே கொடுத்தன. கார் நொறுங்கினால், மிஞ்சிய உறுப்புகளைப் புது உடலுக்கு மாற்றிப் பந்தயத்தைத் தொடர்ந்தார்கள். நொறுங்கிய பழைய உடலை யாரோ எடுத்து வைத்து, பிற்காலத்தில் சீர்செய்தால், ஒரே காரின் பெயரில் இரண்டு வண்டிகள் நிற்கும். பழைய பில்லும் புகைப்படமும் ஓட்டியவர்களின் வாய்மொழியும் ஒன்று சேர்ந்தால்தான் இந்த முடிச்சு அவிழும். எண்ணை மாற்றி இதைத் தீர்க்கவும் முடியாது; சேஸிஸ் நம்பரைத் திட்டமிட்டு அழிப்பதும் திருத்துவதும் 1984ஆம் ஆண்டு வந்த அமெரிக்க மத்தியச் சட்டத்தின்படி 5 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

எண்ணே இல்லாத வண்டிகள்

நீண்ட குழாய்ச் சட்டத்தில் எஞ்சினை ஏற்றி ஓட்டும் டிராக்ஸ்டருக்கு சேஸிஸ் நம்பர், ஆலை, டீலர் எதுவுமே இல்லை. குழாயை வளைத்து வெல்டு வைத்த பட்டறைக்காரரின் கைவண்ணம்தான் அதன் அடையாளம். 1970 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் லயன்ஸ் திடலில் ஓட்டுநர் டான் கார்லிட்ஸின் கார் புறப்பட்ட கணத்திலேயே வெடித்து, அவருடைய வலது பாதத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. அடுத்த ஆண்டே எஞ்சினைத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்த ‘ஸ்வாம்ப் ராட் 14’ காரோடு அவர் திரும்பி வந்து ஜெயித்தார். சில ஆண்டுகளில் முன் எஞ்சின் டிராக்ஸ்டர்கள் முற்றிலும் வழக்கொழிந்தன. பல சட்டங்கள் பழைய இரும்பாகப் போயின.

கார்லிட்ஸ் தன் கார்களை எண்ணிட்டுப் பாதுகாத்தார். ஃபுளோரிடாவின் ஒகாலா நகரில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். மணிக்கு 270 மைல் வேகத்தை முதலில் தாண்டிய ‘ஸ்வாம்ப் ராட் 30’ இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சொத்து. ஓட்டியவரே காத்து வைத்த இந்த வண்டிகளின் வரலாற்றில் கண்ணி அறவில்லை. மற்றவர்களின் டிராக்ஸ்டர்களுக்கு, செய்தவரோ ஓட்டியவரோ நேரில் வந்து தன் வெல்டு இதுதான், இந்த ஓட்டை தான் போட்டதுதான் என்று சொல்வதே பெரும் சான்று. அப்படிச் சொல்லக்கூடியவர்கள் இப்போது முதுமையின் எல்லையில் இருக்கிறார்கள். அவர்களுடைய சாட்சியத்தைப் பதிவுசெய்ய மிஞ்சியிருக்கும் காலம் குறைவு.

சீரமைப்பிலேயே சான்று அழிந்துபோவதும் உண்டு. உடலை மணல் ஊதி மொட்டை உலோகமாக்கும் அந்த ஒரு நாளில், ஐந்து அடுக்குப் பெயிண்டும் அதில் இருந்த பெயர்களும் போய்விடுகின்றன. பாதுகாப்புக் கூண்டின் அடித்தகடு உட்கார்ந்த ஓட்டைகளை அடைத்து டிங்கர் வேலை பார்த்தால், கூண்டு எங்கே நின்றது என்பதைப் படத்தோடு ஒப்பிட வழியில்லை. பொறுப்பான பட்டறைகள் வேலையைத் தொடங்குமுன் ஒவ்வொரு அடுக்கையும் படமெடுக்கின்றன. டிக்கிக்குள்ளோ தரைக்கடியிலோ ஒரு பகுதியைப் பழைய பெயிண்டோடு விட்டுவைக்கின்றன. மாற்றிய மட்கார்டையும் கதவையும் எடைக்குப் போடாமல் சீட்டுக் கட்டிக் காரோடு சேர்த்து ஒப்படைக்கின்றன. பழைய காரை வாங்கப் போகிறவர் பளபளப்பைப் பார்த்து மயங்குமுன் கேட்க வேண்டியது, வேலைக்கு முன்பு எடுத்த அந்தப் படங்களும் கழற்றி வைத்த அந்தப் பாகங்களும் எங்கே என்பதைத்தான்.